சேம்பரை வெட்டி ஒட்டியவர்கள்

மும்பையில் கார் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு பயம் உண்டு. தண்ணீர் தேங்கிய ரோட்டில் குழி தெரியாமல் இறக்கிவிட்டால் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். கேரேஜுக்குப் போனால் மெக்கானிக் மல்லாக்கப் படுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "சேம்பர் போச்சு சார்" என்பார். புத்தகத்தில் அதற்கு ஆயில் சம்ப் என்று பெயர். கேரேஜில் சேம்பர்தான். இன்ஜினுக்கு அடியில் தொங்குகிற எண்ணெய்த் தொட்டி. பார்த்தால் வீட்டு அடுப்படியில் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும்.

இந்தத் தொட்டியை வைத்து ஒரு வரலாறு எழுத முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். நம் நாட்டில் சொந்தக் கையால் கார் கட்டியவர்களின் வரலாறு அது. இன்ஜினை விலைக்கு வாங்கிவிடலாம், சக்கரத்தை வாங்கிவிடலாம், பாடியை ஃபைபர் கிளாஸில் வார்த்துவிடலாம். ஆனால் வேறொரு வண்டிக்காகச் செய்த இன்ஜினை நம் வண்டியில் இறக்கும்போது முதலில் முட்டுகிற இடம் சேம்பர்தான். அங்கே வெட்டாமல், ஒட்டாமல் வேலை நடக்காது.

முதலில் வெளிநாட்டுக் கதை கொஞ்சம். இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற ஆள் 1957-இல் லோட்டஸ் செவன் என்ற காரைக் கொண்டுவந்தார். கதவு கிடையாது, நிரந்தரக் கூரை கிடையாது. முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டவேண்டும். அந்த நாட்டில் அப்போது முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு தரக்கூடாது என்று விதி இருந்ததால், கழற்றும் முறையைச் சொல்லும் கையேடு கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1973-இல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. சாப்மன் அந்தக் காரைக் கேட்டர்ஹாம் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் பழக்கம் போகவில்லை. ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை அறுத்து 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று 1996-இல் ஒரு புத்தகமே போட்டார். உலகம் முழுக்க வீட்டு ஷெட்டுகளில் அந்த அச்சில் கார்கள் பிறந்தன.

நம்ம பக்கம் வருவோம். நான் இருப்பது கோபர்கைரனேயில். ரயில் பாதையைத் தாண்டினால் தானே - பேலாப்பூர் தொழிற்பேட்டை. ரபாலே, மஹாபே, துர்பே என்று நீளத்துக்கு ஷெட்டுகள். லேத், வெல்டிங், பிரஸ் என்று எந்த வேலைக்கும் அங்கே ஆள் கிடைக்கும். கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு ஷெட்டில் லோட்டஸ் செவன் ஜாடையில் ஒரு வண்டி கட்டிக்கொண்டிருக்கிறார். சதுரக் குழாயில் சட்டம், குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய சாமான் கடையில் எடுத்த ஜிப்ஸி இன்ஜின். ஜிப்ஸி ஜீப் வகை. ரோட்டிலிருந்து உயரமாக நிற்கும். அதன் சேம்பர் எவ்வளவு ஆழம் இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. அதே இன்ஜினைத் தாழ்ந்த சட்டத்தில் வைத்தால் சேம்பர் சட்டத்துக்குக் கீழே தொங்குகிறது. நவி மும்பை வேகத்தடைகளைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

வெல்டிங் செய்பவர் தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். சேம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு வெட்டலாம் அண்ணாச்சி?"

"எவ்வளவு வேணும்னாலும் வெட்டலாம் தம்பி. வெட்டுன எடத்து எண்ணெய எங்க வைப்பீய?"

விஷயம் மொத்தமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுசாக எடுத்துக்கொள்கிறேன். தொட்டி 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். எண்ணெய் 9 செ.மீ. ஆழத்துக்கு நிற்கிறது. 25 x 20 x 9 = 4500 க.செ.மீ., அதாவது நாலரை லிட்டர். அடியில் 4 செ.மீ. வெட்டினால் 2 லிட்டர் போயிற்று. சரி, மேலே 4 செ.மீ. கூட ஊற்றிவிடலாமே என்றால் முடியாது. மேலே கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஐயாயிரம் ஆறாயிரம் தடவை சுற்றுகிறது. அது எண்ணெயில் பட்டால் தயிர் கடைந்த மாதிரி நுரைத்துவிடும். நுரையை ஆயில் பம்ப் தள்ளினால் பேரிங்குக்குப் போவது பாதி காற்று. ஆக மேல் மட்டம் மாறக்கூடாது, கீழ் மட்டம் உயர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கும் வழி பக்கவாட்டு. மீதி ஆழம் 5 செ.மீ. 2 லிட்டர் வேண்டுமென்றால் 400 சதுர செ.மீ. பரப்பு கூடவேண்டும். இரண்டு பக்கமும் 8 செ.மீ. அகலத்துக்கு, 25 செ.மீ. நீளத்துக்கு ஒவ்வொரு பெட்டி ஒட்டினால் கணக்கு சரியாகிவிடும். இதைத்தான் ஊர் உலகத்தில் 'சிறகு வைத்த சம்ப்' என்கிறார்கள்.

கணக்கு முடிந்தது, வேலை முடியவில்லை. ஆழமும் குறுகலுமாக இருந்த தொட்டி இப்போது ஆழமில்லாத, 36 செ.மீ. அகலத் தாம்பாளம் ஆகிவிட்டது. தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் என்ன ஆகுமென்று. நல்ல டயர் போட்ட தாழ்ந்த கார் வேகமாக வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசை ஏறக்குறைய புவியீர்ப்பு அளவுக்கே வந்துவிடும். கீழே ஒரு பங்கு, பக்கத்தில் ஒரு பங்கு என்றால் எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். எண்ணெய் ஏற ஒரு பக்கம் இடம் இருக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், தொட்டியின் நடுவில் இருக்கும் உறிஞ்சு குழாயின் மேல் மிஞ்சுவது சுமார் ஒரு செ.மீ. எண்ணெய். ஓடுகிற இன்ஜினில் ஒரு பங்கு எண்ணெய் எப்போதும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் கழித்தால் அதுவும் இல்லை. குழாய் காற்றைக் குடிக்கும். கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் உரசாமல் இருப்பது நடுவே ஓடும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தால்தான். அழுத்தம் சில வினாடி போனாலே போதும், பேரிங் தேய ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்ப நடந்தால் கனெக்டிங் ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து நமக்கு வணக்கம் சொல்லும்.

இதற்கு வைத்தியம் நம் கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்ததுதான். தூரத்துக் கிணற்றிலிருந்து நிறைகுடம் தூக்கி வரும்போது தளும்பாமல் இருக்க ஒரு கொத்து இலையைத் தண்ணீரில் போட்டுக்கொள்வார்கள். சேம்பருக்குள் இலைக்குப் பதில் தகடு. தொட்டியை அறை அறையாகத் தடுப்பார்கள். நடு அறைக்கு, உள்ளே மட்டும் திறக்கும் சின்னக் கீல் கதவுகள் வைப்பார்கள். எண்ணெய் உள்ளே வரலாம், வெளியே போக முயன்றால் கதவு தானாக மூடிக்கொள்ளும். உறிஞ்சு குழாய் அந்த நடு அறையில் உட்கார்ந்திருக்கும்.

அண்ணாச்சி செய்த வேலையில் இன்னும் இரண்டு நுணுக்கம் சொல்லவேண்டும். வெல்டிங் சூட்டில் சேம்பரின் விளிம்பு கோணிவிட்டால் பிறகு எந்த கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும். அதனால் ஓட்டை உடைசலான ஒரு பழைய பிளாக்கில் சேம்பரை எல்லா போல்ட்டும் போட்டு முடுக்கிவிட்டு, அப்புறம்தான் வெல்டிங் ராடைத் தொட்டார். முடிந்ததும் வெளிப்பக்கம் தையல் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் காலையில் சாக்கில் ஈரக்கறை காட்டிக்கொடுக்கும். எந்த மெஷினும் வேண்டாம்.

இந்தக் கைவேலை இந்தியாவில் எங்கெங்கே இருந்தது என்று தேடிக்கொண்டு போனால் ஒரு சோகமான வரைபடம் கிடைக்கிறது.

1928-இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சேவ்ரியில் கார் பூட்ட ஆரம்பித்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத வெறும் அசெம்பிளிக்காரர்கள் வேண்டாம் என்று அரசாங்கம் முடிவெடுத்ததும் 1954-இல் மூட்டை கட்டியது. 1951-இன் தொழில் சட்டப்படி எதைத் தயாரிப்பதற்கும் லைசென்ஸ். கார் இன்ஜின் என்று கடைசியில் நம்மிடம் மிஞ்சியது முக்கியமாக மூன்று. குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட் 1100. அதுதான் பின்னால் பத்மினி ஆனது. வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாஸடர். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் 1961 முதல் செய்த ஹெரால்டு.

இதில் ஒரு வேடிக்கை கவனியுங்கள். அம்பாஸடரின் 1489 சிசி இன்ஜினும், இங்கிலாந்தில் எம்ஜிஏ என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரின் முதல் இன்ஜினும் ஒரே குடும்பம். ஹெரால்டோ தனிச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த கார். பாடியைத் தூக்கிவிட்டு வேறு பாடி மாட்டலாம் என்பதால் இங்கிலாந்தில் கிட் கார் கட்டுபவர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஆக, அங்கே வீட்டு ஷெட்டில் கார் கட்டியவர்களிடம் இருந்த அதே கச்சாப் பொருள் வண்டலூரிலும் உத்தர்பாராவிலும் இருந்தது. கைத்திறமையும் இருந்தது. இல்லாதது அனுமதி.

ஜி.டி. நாயுடு கதை எல்லோருக்கும் தெரியும். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். 1952-இல் 2000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். லைசென்ஸ் கிடைக்கவில்லை, அதோடு முடிந்தது. மராட்டியத்தில் அவருக்கு ஒரு அண்ணன் தம்பி போல இச்சல்கரஞ்சியில் சங்கர்ராவ் குல்கர்ணி என்று ஒருவர். பெரிய படிப்பு கிடையாது. 1949-இல் முதல் சின்ன காரைக் கட்டினார். மீரா என்று பெயர். 1970-களின் நடுப்பகுதி வரை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தார். ரப்பரில் சஸ்பென்ஷன், சொந்தமாகச் செய்த இன்ஜின், பின்பக்கம் பொருத்திய அமைப்பு. மும்பைக்காரர்களிடம் கேட்டால் நூற்றில் ஒருவருக்கு அவர் பெயர் தெரிந்தால் அதிகம். மீரா காரும் ஃபேக்டரியைப் பார்க்கவில்லை.

அப்படியானால் வெட்டி ஒட்டும் கை எங்கே போயிற்று? பந்தயத் திடலுக்குப் போனது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-இல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. பம்பாயில் ஜுஹு, கல்கத்தாப் பக்கம் பாரக்பூர் என்று அங்கேயும் விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். ரோட்டில் ஓடாத வண்டிக்கு ஆர்டிஓ தேவையில்லை. அதனால் ஃபியட், அம்பாஸடர், ஹெரால்டு இன்ஜின்களைக் குழாய்ச் சட்டத்தில் மாட்டிய வீட்டுத் தயாரிப்புகள் அங்கே ஓடின. குடும்பத்தோடு திருப்பதி போவதற்காகச் செய்த இன்ஜினை, நீண்ட ஓடுதளத்தின் முனையில் பிரேக் அடித்து வளைக்கும்போது தொட்டியில் எண்ணெய் முன்னால் பாயும், பிறகு பக்கவாட்டில் பாயும். மேலே நான் சொன்ன தடுப்பும் கதவும் அந்த ஓட்டுநர்களுக்கு அலங்காரம் அல்ல, உயிர்நாடி.

நடுவே ஒரு சின்னச் செய்தி. தொட்டியே வேண்டாம், எண்ணெயைத் தனி டாங்கில் வைத்து இன்னொரு பம்ப் வைத்து உறிஞ்சி அனுப்பிவிடலாம் என்பது டிரை சம்ப் முறை. ரேஸ் கார்களின் பெரிய ரகசியம் என்று இதைப் பேசுவார்கள். ஆனால் 1955-இலிருந்து மெட்ராஸில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் இருந்தது டிரை சம்ப்தான். எண்ணெய் டாங்க் தனியாகத் தொங்காமல் கிராங்க்கேஸ் வார்ப்புக்குள்ளேயே ஓர் அறையாக இருந்ததால் பலர் கவனிக்கவில்லை. புது யூசிஇ இன்ஜின் வந்தபிறகுதான் அது சாதாரணத் தொட்டி முறைக்கு மாறியது. அப்பா காலத்துப் புல்லட்டில் நாம் டிரை சம்ப்பின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் சந்தைக்குப் போயிருக்கிறோம்!

1980-களில் மாருதி வந்தது, கூடவே கோவையிலிருந்து கரிவர்தன் வந்தார். தொழில் குடும்பத்துப் பிள்ளை, சோழவரத்தில் ஓட்டியவர். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி, 1988. எல்லோரிடமும் ஒரே மாதிரி கார், ஊரில் கிடைக்கும் இன்ஜின், ஊரில் கிடைக்கும் ஸ்பேர். பணக்காரர்கள் இறக்குமதிக் கார் ஓட்டுவதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த விளையாட்டுக்குள் மற்றவர்களும் நுழைய அது வழி திறந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதி வழியாக வந்தவர்தான். கரிவர்தன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிபாளையத்து டிராக்குக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ரோட்டில் ஓடும் கிட் கார் என்று பார்த்தால் மிக அருகில் வருவது எங்கள் பக்கத்து அலிபாக்தான். கைடோ போதேயும் ஷமா போஸும் சேர்ந்து ஆரம்பித்த சிங்காரா மோட்டார்ஸ், கார்லே கிண்டில் 2000-களில் லோட்டஸ் செவன் பாணியில் ஃபைபர் பாடி ரோட்ஸ்டர் ஒன்றைக் கட்டியது. இன்ஜின்? ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் இசுசு 1.8. கான்டெஸாவிலும் அம்பாஸடரிலும் அமைச்சர்களையும் கலெக்டர்களையும் சுமந்த அதே இன்ஜின். வாங்கினவர்கள் எண்ணிக்கை சொற்பம், ஆனால் முடியும் என்று காட்டினார்கள்.

இனி என் நண்பரின் வண்டி. சேம்பர் ஒழுகவில்லை. ஷெட்டுக்குள் இன்ஜின் அருமையாக ஓடுகிறது. ஆனால் அந்த வண்டியைக் கோபர்கைரனேயிலிருந்து வாஷி வரை ஓட்டிப்போக அவருக்கு உரிமை இல்லை. புது மாடல் என்று பதிய வேண்டுமானால் புனே ஏஆர்ஏஐ மாதிரி நிறுவனத்தில் சோதனை செய்து மாதிரி ஒப்புதல் வாங்கவேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்காக எழுதிய விதி அது. பழைய வண்டியை மாற்றியதாகப் பதியலாமா என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நான் விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டபடி வெட்டி ஒட்டிய வண்டி ரோட்டில் வந்தால் சாவது பக்கத்தில் பைக்கில் போகிறவன். ஆனால் இங்கிலாந்தில் 1998 முதலே, வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைப் பரிசோதித்து, பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் எல்லாம் சரியென்றால் பதிவு செய்து தருகிற தனி முறை இருக்கிறது. பரிசோதித்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது வேறு, பரிசோதிக்கவே வழியில்லை என்பது வேறு. 1952-இல் நாயுடுவிடம் சொன்ன 'இல்லை'யையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணங்கள் வேறு, கதவு ஒன்றுதான்.

கை மட்டும் சும்மா இருப்பதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் பாஹா, சுப்ரா, ஃபார்முலா பாரத் போட்டிகளுக்கு வருடாவருடம் கார் கட்டுகிறார்கள். பைக் இன்ஜினைக் காரில் வைப்பவர்களுக்குச் சேம்பர் பிரச்சினை இன்னும் சுவாரஸ்யம். பைக் வளைவில் சாய்கிறது, அதனால் எண்ணெய் தொட்டியின் அடியிலேயே நிற்கும். அதே இன்ஜின் காரில் நிமிர்ந்தே நிற்கிறது, எண்ணெய் பக்கச் சுவரில் ஏறிவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எண்ணெய் தளும்புவதை வரைந்து பார்த்து, கடைசியில் நம் அண்ணாச்சி மாதிரி ஒருவரிடம் தகடு வெட்டப் போய் நிற்கிறார்கள். பவாய் ஐஐடி மாணவர்களோ எலெக்ட்ரிக் பந்தயக் கார் கட்டி சில்வர்ஸ்டோன் வரை எடுத்துப்போனார்கள். அதில் இன்ஜினும் கிடையாது, சேம்பரும் கிடையாது.

போகட்டும், தொழில்நுட்பம் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. குர்லாவில் பத்மினி தயாரிப்பு நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு மும்பை ரோட்டைவிட்டு இறங்கிவிட்டது. ஆனால் கார்களுக்காவது மியூசியம் உண்டு; கோவையில் நாயுடு பெயர் சொல்லும் ஜீடீ கார் மியூசியத்தில் போய்ப் பார்க்கலாம். வெட்டின எண்ணெயை எங்கே வைப்பாய் என்று கேட்கத் தெரிந்த கைகளுக்கு மியூசியம் இல்லை. சோழவரத்தில் ரேஸ் காருக்கு வெல்டிங் அடித்தவர், குர்லா கேட்டுக்கு வெளியே ஷெட் போட்டவர், வண்டலூரில் ஹெரால்டு பூட்டியவர் என்று உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில் யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு இப்போது எழுபது எண்பது வயது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எதை வெட்டினீர்கள், எதை ஒட்டினீர்கள், எது ஒழுகியது என்று கேட்டு எழுதி வையுங்கள். தேதி, இடம், இன்ஜின் பெயரோடு.